காலியான அலைவரிசையில் பிறருக்கு இடையூறின்றிப் பேசுவது எப்படி?

கும்பகோணத்தில் ஓர் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு. மணமக்களை வாழ்த்திப் பேசிய பெரியவர், கையிலிருந்த கார்ட்லெஸ் மைக்கை அணைத்து மேசைமேல் வைத்த மறுநொடியே, எங்கள் ஒலிபெருக்கியிலிருந்து முன்பின் அறியாத ஒரு குரல், "மொய் எழுதுறவங்க இந்தப் பக்கமா வாங்க" என்று அழைத்தது. இரண்டு கட்டடம் தள்ளியிருந்த வேறொரு மண்டபத்தின் குரல் அது. மைக் செட்காரர் ஓடிவந்தார். "அண்ணே, அங்கயும் இதே சேனல்தான் ஓடுது. நம்ம மைக்கை எல்லாம் ஒரு நிமிஷம் அணைச்சு வைங்க, ஸ்கேன் போட்டுப் பாத்துடுறேன்" என்றார். ரிசீவர் பெட்டியின் பொத்தானை அழுத்தியதும் திரையில் எண்கள் வரிசையாக ஓடி ஓரிடத்தில் நின்றன. மைக்குகளையும் அதே எண்ணுக்கு மாற்றினார். அதன்பிறகு அந்தக் குரல் வரவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் அவர் கையால் செய்த வேலையை, மனிதர் துணையின்றித் தானாகவே, ஓயாமல் செய்துகொண்டிருக்கும் கருவிக்கு அறிதிறன் ரேடியோ என்று பெயர். சுற்றிலும் எந்தெந்த அலைவரிசைகளில் பேச்சு நடக்கிறது என்று கேட்பது, காலியாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அதற்கேற்பத் தன் ஆற்றலையும் அலைவரிசையையும் மாற்றிக்கொள்வது, உரியவர் வந்துவிட்டால் விலகுவது ஆகியவை அதன் பணிகள். இக்கருத்தை ஜோசப் மிட்டோலா 1999-இல் ஜெரால்டு மக்வயருடன் இணைந்து ஒரு கட்டுரையாக முன்வைத்தார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் உள்ள கேடிஎச் பல்கலைக்கழகத்தில் அதையே தம் முனைவர் பட்ட ஆய்வாக விரித்தார்.

இப்படியொரு கருவி ஏன் தேவைப்படுகிறது என்றால், அலைக்கற்றை முழுவதும் ஏட்டளவில் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்டது. இந்தியாவில் 1952 முதல் இந்தப் பங்கீட்டைக் கவனித்துவரும் டபிள்யூபிசி என்னும் அரசுப் பிரிவின் அட்டவணையைப் பார்த்தால், தொலைக்காட்சி, கைப்பேசி, விமானம், கப்பல், ராணுவம், செயற்கைக்கோள் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பயன் எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஏட்டில் நிரம்பியிருப்பது வேறு, வானில் நிரம்பியிருப்பது வேறு. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் ஒரு வயல்வரப்பில் ஆண்டெனாவுடன் நின்று அளந்தால், ஒதுக்கப்பட்ட துண்டுகளில் பல, அந்த இடத்தில், அந்த நேரத்தில், யாரும் பயன்படுத்தாமல் கிடப்பது தெரியும். அந்த வெற்றிடத்தை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும். அதே வேளையில் உரிமை பெற்றவருக்குச் சிறு குறையும் வரக்கூடாது.

இந்த ஏற்பாடு காவிரி டெல்டாக்காரர்களுக்குப் புதிதன்று. குறுவை அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருபவர், அந்த வயலுக்கு உரிமை கொண்டாடுவதில்லை. சிதறிக் கிடக்கும் நெல்மணியை வாத்துகள் மேயும் வரை இருந்துவிட்டு, தாளடிக்கு உழவு இறங்கும் நாளில் மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். அலைக்கற்றையில் வயல்காரரின் இடத்தில் இருப்பவர் முதனிலைப் பயனர். வாத்துக்காரரின் இடத்தில் இருப்பவர் இரண்டாம் நிலைப் பயனர். உரியவர் இல்லாதபோது நுழைந்து, வந்ததும் விலகும் இந்த முறையே அறிதிறன் ரேடியோவின் அடிப்படை.

ஆனால் வயலில் உழவு நடக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். அலைவரிசையில் அப்படிப் பார்க்க முடியாத ஒன்று இருக்கிறது. என் கருத்தில், இத்துறையின் கடினமான கேள்விகள் அனைத்தும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

குறுக்கீடு என்னும் தீங்கு, ஒலிபரப்பும் கோபுரத்தில் நிகழ்வதில்லை. கேட்கும் ரிசீவரில் நிகழ்கிறது. கோபுரத்தைச் சுற்றி எத்தனை பேர் பேசினாலும் அது அனுப்பும் அலை கெட்டுப்போவதில்லை. தொலைவில் ஒரு வீட்டின் ஆண்டெனாவுக்குக் கோபுரத்தின் அலையும் அயலாரின் அலையும் ஒன்றாக வந்து சேரும்போதுதான், இரண்டையும் பிரிக்க இயலாமல் படம் உடைகிறது. வாய்க்காலின் தலைமடையில் மோட்டார் வைத்து நீர் இறைப்பவருக்கு, தன் கண்ணெதிரே வாய்க்கால் கரைபுரண்டு ஓடுவதாகவே தெரியும். அவர் எடுத்த நீரின் குறை, பல மைல் கடந்து, கடைமடையில் ஒரு நாற்றங்காலில் தெரியும். கடைமடைக்காரராவது கோபத்துடன் புறப்பட்டு வந்து, மடையைத் திறந்து மூடும் லஸ்கரிடம் முறையிடலாம். தொலைக்காட்சி ரிசீவர் அப்படியும் எதையும் சொல்லாது. அது கேட்கும் கருவி. எந்த அலையையும் வேண்டுமென்று வெளியிடுவதில்லை. ஆகவே அறிதிறன் ரேடியோ, தன்னால் கண்டுபிடிக்கவே இயலாத ஒன்றைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது.

மண்டபத்தில் ஸ்கேன் அவ்வளவு எளிதாக வேலை செய்ததற்குக் காரணம் இதுதான். அந்தப் பெட்டியே ரிசீவர். பாதிக்கப்படும் இடத்திலேயே அளவெடுத்தது. இன்னொன்றையும் அங்கே கவனிக்கலாம். பெரியவர் பேசிக்கொண்டிருந்த வரையில் அயல் மண்டபத்தின் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த அலை அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எங்கள் மைக் பத்தடி தொலைவில் இருந்ததால் அதன் அலை பல மடங்கு வலுவாக இருந்தது; எஃப்எம் முறை ரிசீவர்களோ, வலுவான அலையைப் பிடித்துக்கொண்டு மெலிந்ததை ஒதுக்கிவிடும் இயல்புடையவை. ஆகவே குறுக்கீட்டை அயலலையின் வலிமையை மட்டும் வைத்து அளக்க முடியாது. நமக்குத் தேவையான அலை, அயலலையும் இரைச்சலும் சேர்ந்த கூட்டுத்தொகையைவிட எத்தனை மடங்கு பெரிதாக இருக்கிறது என்ற விகிதமே அளவுகோல். பொறியாளர்கள் போடும் கணக்கெல்லாம் இந்த விகிதத்தை உரியவரின் ரிசீவரில் குறையவிடாமல் காப்பதற்கானது.

இனி, எளிய நேர்வு ஒன்றை முதலில் பார்ப்போம்; அது பலருடைய வீட்டிலேயே இருக்கிறது. வைஃபை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 100ஆம் சேனலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பல ரவுட்டர்களில் அந்த 5 கிகா நெட்வொர்க்கின் பெயர் கைப்பேசியிலிருந்து மறைந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்தே மீண்டும் தோன்றும். ரவுட்டர் பழுதாகிவிட்டது என்று பலர் அணைத்துப் போடுவார்கள். உண்மையில் அந்த 60 நொடிகளும் ரவுட்டர் வாய் திறவாமல், 5500 மெகாஹெர்ட்ஸில் ரேடாரின் துடிப்பு ஏதேனும் கேட்கிறதா என்று செவிமடுத்துக்கொண்டிருக்கிறது. பின்னர் பேசிக்கொண்டிருக்கும்போது ரேடார் கேட்டால் 10 நொடிக்குள் அந்தச் சேனலைவிட்டு விலகி, 30 நிமிடங்களுக்குத் திரும்பாமல் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார்கள் இயங்கும் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு அந்த ஒரு நிமிடக் காத்திருப்பு 10 நிமிடமாகிறது.

காரைக்காலில் நின்று நம் புயல்களைக் கவனிக்கும் டாப்ளர் ரேடார், 5 கிகாவுக்குக் கீழே உள்ள எஸ் பட்டையைச் சேர்ந்தது. 5 கிகா வைஃபையால் அதற்குத் தொல்லை இல்லை. வைஃபையுடன் மோதுபவை, அதே 5 கிகா பகுதியில் இயங்கும் சி பட்டை ரேடார்கள். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்திற்கான வானிலை ரேடார் அப்படிப் பாதிக்கப்பட்டது. விதிப்படி விலகாத 5 கிகா கருவிகளின் அலை, ரேடார் திரையில் நடுவிலிருந்து விளிம்புவரை நீளும் கீற்றுகளாக விழுந்து, அந்தத் திசையில் மழை இருக்கிறதா இல்லையா என்பதையே மறைத்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய இரவைக் கண்டவர்களுக்கு, ரேடார் திரையில் ஒரு திசை குருடாவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ரேடாரைக் காப்பது எளிய நேர்வு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ரேடாரில் அலையை அனுப்பும் ஆண்டெனாவே எதிரொலியையும் வாங்குகிறது. ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே இடம். அலையின் பாதை இரு திசைக்கும் பொதுவானது என்பதால், ரேடார் எனக்கு எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்பதிலிருந்து, நான் பேசினால் அதற்கு எவ்வளவு கேட்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். தொலைக்காட்சியில் இந்த வசதி இல்லை. கோபுரம் ஓரிடம், ஆண்டெனாக்கள் ஆயிரம் வீடுகளில்.

தொலைக்காட்சிச் சேனல்களின் வெற்றிடத்தில் கிராமங்களுக்கு இணையம் தருவதற்காக 2011-இல் ஐஇஇஇ என்னும் பொறியாளர் அமைப்பின் 802.22 தரநிலை வெளிவந்தது. அதை வகுத்தவர்களின் சிக்கலை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். கோவில் மதிலையொட்டிய ஒரு சந்தில், ஓட்டு வீட்டின் உள்ளறையில் அறிதிறன் ரேடியோ இருக்கிறது. கோபுரத்திலிருந்து வரும் தொலைக்காட்சி அலையை மதில் மறைத்துவிடுகிறது. "யாரும் இல்லை" என்று முடிவுசெய்து அது பேசத் தொடங்குகிறது. ஆனால் அடுத்த தெருவில், மாடிமேல் முப்பதடிக் குழாயில் கட்டிய ஆண்டெனாவுக்குத் தொலைக்காட்சி அலை நன்றாகவே வந்துகொண்டிருக்கிறது. அந்த வீட்டின் படம்தான் உடைகிறது. இதை மறைந்திருக்கும் முனையின் சிக்கல் என்பார்கள்.

மறைவில் இருக்கும் கருவிக்கும் கேட்க வேண்டும் என்றால், அதன் செவி சாதாரண ரிசீவரைவிடப் பன்மடங்கு கூர்மையாக இருக்க வேண்டும். 802.22 விதிப்பது, டிஜிட்டல் தொலைக்காட்சி அலை மைனஸ் 116 டிபிஎம் (அலையின் ஆற்றலைச் சொல்லும் அலகு) அளவுக்கு மெலிந்திருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை. ஒரு வாட்டைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால், அதில் இரண்டரைப் பங்கு அது. 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனலில், வெப்பத்தால் மட்டும் எழும் இயற்கை இரைச்சலே இதைப்போலப் பத்து மடங்கு இருக்கும். அந்த இரைச்சலுக்குள் புதைந்த ஒன்றை 2 நொடிக்குள், பத்தில் ஒன்பது முறையாவது கண்டுபிடிக்க வேண்டும். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழையும் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது.

சேனலில் மொத்தம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அளப்பது எளிய வழி. ஆனால் இரைச்சலின் அளவே வெப்பத்தாலும் கருவியின் வயதாலும் சற்று ஏறியிறங்கும்போது, கூடுதலாக வந்தது தொலைக்காட்சியா, இரைச்சலின் ஏற்றமா என்று பிரிக்க முடியாது; எவ்வளவு நேரம் கேட்டாலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மெலிந்த அலைக்கு இந்த முறை உதவாது. அதனால் அலையின் தனி முத்திரையைத் தேடுகிறார்கள். தேரோட்டத்தன்று நான்கு வீதியும் நிறைந்த கூச்சலில், பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஆனால் எங்கோ முன்னால் போகும் தவிலின் அடி மட்டும் காதுக்கு எட்டும். கூச்சலுக்கு ஒழுங்கில்லை, தவிலின் அடி குறித்த கால அளவில் திரும்பத் திரும்ப வருகிறது. மனிதர் உருவாக்கிய ரேடியோ அலைகளிலும் இப்படித் திரும்ப வரும் ஒழுங்கு இருக்கிறது. இயற்கை இரைச்சலில் இல்லை. அந்த ஒழுங்கைப் பல ஆயிரம் சுற்றுகளுக்குக் கூட்டிக்கொண்டே போனால், கூச்சல் தன்னைத்தானே கழித்துக்கொள்ள, முத்திரை மேலெழுகிறது.

ஒரு கருவியின் செவியை நம்பாமல், ஊரின் பல முனைகளில் உள்ள கருவிகளைக் கலந்து முடிவெடுப்பதும் உண்டு. பத்தில் ஒன்று "ஆள் இருக்கிறார்" என்றாலும் எல்லோரும் வாய்மூட வேண்டும் என்று விதித்தால் உரியவருக்கு முழுப் பாதுகாப்பு. ஆனால் ஒரு கருவி தவறாகக் கேட்டாலும் வெற்றிடம் வீணாகும். பெரும்பான்மையை ஏற்றால் இதன் மறுபக்கம். எதை ஏற்பது என்பது, காக்கப்படுவது திரைப்படமா விமானமா என்பதைப் பொறுத்தது.

இவ்வளவு முயன்றும், செவியை மட்டும் நம்ப எஃப்சிசி எனப்படும் அமெரிக்க ஆணையம் தயங்கியது. தொலைக்காட்சி வெற்றிடத்தை 2008-இல் திறந்துவிட்டபோது கேட்டறிதலைக் கட்டாயமாக்கியிருந்த அது, 2010-இல் அந்தக் கட்டாயத்தை நீக்கி, இருப்பிடத் தரவுத்தளத்தை முதன்மையாக்கியது. கருவி தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே அறிந்து, மையத் தரவுத்தளத்தைக் கேட்கும். எந்தக் கோபுரம் எங்கே, எவ்வளவு தூரம் எட்டும் என்ற கணக்கு அங்கே இருப்பதால், பேசலாம் என்ற சேனல்களின் பட்டியல் வரும். ரிசீவர்கள் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்பதைக் கணக்கில் கொண்டே எல்லை வரையப்படுவதால், மதில் மறைத்த சந்தின் சிக்கல் இதில் எழுவதில்லை. நடைமுறைக்கு இதுவே ஏற்றது என்று நானும் கருதுகிறேன். ஆனால் பதிவேட்டில் எழுத முடியாதவரை இது காக்காது. அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைப் பகிர 2015-இல் விதி வகுத்தபோது, முதல் உரிமை கடற்படை ரேடாருக்கு இருந்தது. போர்க்கப்பல் எங்கே நிற்கிறது என்பதை எந்தத் தரவுத்தளத்திலும் எழுதி வைக்க மாட்டார்கள். எனவே கடலோரம் நெடுகக் கேட்கும் கருவிகளை நிறுத்தி, ரேடார் கேட்டதும் மையத்துக்குச் சொல்லும் ஏற்பாடு செய்தார்கள்.

உரியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவருக்குத் தெரியாத அளவு தாழ்ந்த குரலில் பேசுவது இன்னொரு முறை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்கிடையிலேயே உளுந்தைத் தெளித்துவிடுவதுபோல. நெல்லுக்குக் குறை வராது. எஞ்சிய ஈரத்தில் உளுந்து முளைக்கும். இங்கே கேள்வி, குரல் எவ்வளவு தாழ வேண்டும் என்பது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகும். தரையையொட்டிப் போகும் அலைக்கோ, தரையில் பட்டுத் திரும்பிய அலையும் நேராக வந்த அலையும் ஒன்றையொன்று தேய்த்துவிடுவதால், அது பதினாறில் ஒன்றாகும். நம் டெல்டாவைப்போல மேடுபள்ளமற்று, நடவுக்காலத்தில் நீர் கட்டிய வயலாகவே விரியும் நிலம், பாடநூலில் வரும் இந்தச் சூத்திரத்துக்கு நன்றாகவே பொருந்தும். 30 மீட்டர் கோபுரம், 10 மீட்டர் ஆண்டெனா, 500 மெகாஹெர்ட்ஸ் என்று கொண்டால், 2 கிலோமீட்டருக்கு அப்பால் இந்த விரைவான தேய்வு தொடங்குகிறது.

ஆனால் தேய்வை நம்பி ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே அளவு வகுத்தால் போதாது. ஒரு மோட்டார் கடைமடையை வற்றவைக்காது. நூறு மோட்டார்கள் வற்றவைக்கும். ரிசீவருக்குத் தேவை கூட்டுத்தொகையின் உச்சவரம்பு. இந்த எண்ணத்தில் எஃப்சிசி 2003-இல் குறுக்கீட்டு வெப்பநிலை என்னும் அளவை முன்மொழிந்தது: ரிசீவர் இருக்கும் இடத்தில் எல்லா அயலலையும் சேர்ந்து இந்த அளவைத் தாண்டாத வரை யாரும் பேசலாம். அழகான கருத்து. ஆனால் அந்த இடத்தில் போய் யார் அளப்பது? பேசாத ரிசீவரின் அதே பழைய சிக்கல் குறுக்கே நின்றது. 2007-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

சேனல் வேறாக இருந்தாலும் தொல்லை வரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரப்பு எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் நண்டு வளை வழியே பக்கத்து வயலுக்கு நீர் கசிவதுபோல, ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரும் அடுத்த சேனலுக்குள் சிறிது கசியும். சில சமயம் குறை ரிசீவரின் வரப்பில் இருக்கும். தனக்கு வேண்டாத சேனலைத் தடுக்கும் வடிப்பான் தரமாக இல்லாவிட்டால், விதிப்படி பேசும் அயலாரும் அதற்கு இடையூறாகத் தெரிவார். எனவே காலிச் சேனல் உரியவரின் சேனலை ஒட்டியிருந்தால், அங்கே ஆற்றலைக் குறைக்கச் சொல்வது வழக்கம். காலியிடத்தில் பேசுவது, தாழ்ந்த குரலில் பேசுவது ஆகிய இரண்டையும் அடுத்து மூன்றாவதாக, ஆட்டுக் கிடை போடுபவர் இடத்துக்கு ஈடாக வயலுக்கு எருவைத் தருவதுபோல, இரண்டாம் நிலைப் பயனர் தன் ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிட்டு உரியவரின் செய்தியையே வலுப்படுத்திக் கொடுக்கும் முறையும் ஆய்வுகளில் உண்டு. உரியவரின் செய்தி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதால், வீதிக்கு அது இன்னும் வரவில்லை.

இந்தியாவில், ஐஐடி மும்பையின் கிராம் மார்க் திட்டத்தினர் மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதிக் கிராமங்களில் தொலைக்காட்சி வெற்றிடத்தின்வழி இணையம் தந்து சோதித்தார்கள். அத்தகைய ஒன்று டெல்டாவுக்கு வந்தால், சமவெளியில் பெரும்பாலும் கணக்குப்படி நடக்கும். கடலோரத்தில் நடக்காது. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியபின், உயரமாக ஆண்டெனா கட்டிய நம் கடற்கரை வீடுகளில் அது தெரிந்ததை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். கடல்மேல் காற்றின் வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காக மாறும் நாட்களில், அலை வானுக்குத் தப்பிவிடாமல், குழாய்க்குள் செல்வதுபோல நீர்ப்பரப்பை ஒட்டியே நெடுந்தொலைவு போய்விடும். வேதாரண்யத்தில் வைத்த ஓர் அறிதிறன் ரேடியோவுக்கு அப்படியொரு இரவில் தரவுத்தளம் "சேனல் காலி" என்று சொல்லும். அதன் செவியோ "யாரோ பேசுகிறார்கள்" என்று சொல்லும்.

இரண்டும் உண்மையே. அந்த அலையைப் பார்க்கும் உரிமையுள்ள வீடு வேதாரண்யத்தில் இல்லை என்பதால் பேசலாம் என்று தோன்றும். ஆனால் பாதை இரு திசைக்கும் பொதுவானது. அங்கிருந்து இங்கே வழி திறந்திருக்கிறது என்றால், இங்கிருந்து அங்கேயும் திறந்திருக்கிறது. அக்கரையில் அந்தச் சேனலுக்கு உரிமையுள்ள வீடுகள் இருக்கின்றன. அக்கரையின் கோபுரம் 10 கிலோவாட்டில் பேசுகிறது, நம் கருவி 4 வாட்டில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கருவியால் அங்கே எதுவும் தெரியாது. ஆனால் கோடியக்கரையிலிருந்து நாகப்பட்டினம் வரை அத்தகைய 2,500 கருவிகள் ஒரே சேனலில் பேசினால், கூட்டுத்தொகை அதே 10 கிலோவாட். ஆகவே கடலோரக் கருவி, தரவுத்தளம் அனுமதித்த பிறகும் செவியை மூடிவிடாமல், அக்கரையின் குரல் வலுக்கும் இரவுகளில் தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட வேண்டும்.